பழைய ஆங்கிலப் பத்திரிகைகள்: அட்டையோடும் விளம்பரத்தோடும் வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா?

13 ஜனவரி 2024

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "விக்டோரியா காலத்து ஆங்கிலப் பத்திரிகையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. பிறகு எதற்கு அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டை அடைத்துக்கொள்கிறீர்கள்?"

இணையத்தில் கிடப்பது பெரும்பாலும் முழுப் பத்திரிகை இல்லை. அதுதான் என் பதில். வேலைக்குக் கிளம்ப வேண்டும், விவரம் நாளைக்கு எழுதுகிறேன்.

14 ஜனவரி 2024

சரி, விவரம். அந்தக் காலத்து மாத இதழ் ஒன்றை வாங்கினால் வண்ணத்தாள் அட்டை ஒன்று இருக்கும். அதற்குள் முன்னால் சில தாள்கள் விளம்பரம், நடுவில் கதையும் கட்டுரையும், பின்னால் மறுபடி விளம்பரம். விளம்பரத் தாள்களுக்குப் பக்க எண் தனி. ஆறு மாதம் சேர்ந்ததும் பைண்டரிடம் கொடுப்பார்கள். அவர் அட்டையையும் விளம்பரத்தையும் உருவிப் போட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் சேர்த்துத் தைத்து காலிகோ துணி அட்டை போட்டுக் கொடுப்பார். வீடுகளில் மட்டுமல்ல, நூலகங்களிலும் இதுதான் வழக்கம். பின்னாளில் ஸ்கேன் இயந்திரத்தின் கீழே வந்தவை பெரும்பாலும் இந்த வால்யூம்கள்தான். ஆகவே திரையில் பார்க்கும்போது கதை இருக்கும், படம் இருக்கும். அந்த மாதம் அதை வாங்கியவர் முதலில் பார்த்த பக்கம் இருக்காது.

எந்த சோப்பு, என்ன விலை, எந்த மாத்திரை எந்த வியாதிக்கு என்று சத்தியம் செய்தது என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருந்தது.

20 ஜனவரி 2024

நான் எப்படி இதில் விழுந்தேன் என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்கு வந்த இரண்டாம் வருஷம், தர்மக் காரியத்துக்காகப் பழைய பொருள் விற்கும் சாரிட்டி ஷாப் ஒன்றில் நீலத்துணி போட்ட கனமான வால்யூம் ஒன்று கண்ணில் பட்டது. ஸ்ட்ராண்ட் மேகசின் என்ற லண்டன் மாத இதழ், 1893 ஜூலை முதல் டிசம்பர் வரை. விலை 12 பவுண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதை இருக்கும் என்றுதான் எடுத்தேன். இருந்தது. ஜூலை இதழில், 1857 கலகத்தில் இந்தியாவில் காட்டிக்கொடுக்கப்பட்டு முதுகு வளைந்து திரும்பும் சிப்பாயின் கதை. டிசம்பரில் ஹோம்ஸ் சாகும் கதை. சிட்னி பேஜெட் வரைந்த முழுப்பக்கப் படம்: பாறை விளிம்பில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள், பின்னால் அருவி. கதையைப் பள்ளியில் படித்தபோது எனக்கு அந்தப் படம் கிடையாது. அந்தப் படத்தின் மேல் கை வைத்ததும் அந்த மாதம் லண்டனில் இதை வாங்கியவருடைய திகைப்பு எனக்குள்ளும் இறங்கியது.

ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அக்கம்பக்கத்தில் இருந்தவைதான். அதே வால்யூமில் லண்டன் மிருகக்காட்சி சாலையைச் சுற்றி வரும் ஒரு தொடர், பக்க ஓரமெல்லாம் கோணல்மாணலாக மிருகங்கள். பாராளுமன்றத்தில் சபாநாயகர் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியது போல ஒரு தொடர். பிரபலங்களின் குழந்தைப் பருவப் படத்திலிருந்து முதுமை வரை வரிசையாக அடுக்கிய பக்கங்கள். கடைசியில், பிற மொழிகளிலிருந்து எடுத்த சிறுவர் கதை. துப்பறியும் கதை மட்டும் போதுமென்றால் மலிவுப் பதிப்பு வாங்கிவிடலாம். அந்தக் கதை எந்தப் பந்தியில், யார் யாருக்கு நடுவே உட்கார்ந்திருந்தது என்பதைப் பத்திரிகைதான் காட்டும்.

21 ஜனவரி 2024

முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டவருக்கு: ஸ்ட்ராண்ட் பைண்டு வால்யூம். 1891 ஜனவரியில் தொடங்கி 1950 மார்ச் வரை வந்தது. லட்சக்கணக்கில் விற்றதால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஹோம்ஸ் கதை இல்லாத வால்யூமாகத் தேடுங்கள், விலை பாதிதான், சுவாரசியம் குறையாது.

3 பிப்ரவரி 2024

நேற்று லண்டன் போயிருந்தேன். செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தில் இறங்கி க்ளார்க்கன்வெல் வரை நடந்தே போனேன். அங்கே செயின்ட் ஜான்ஸ் கேட் என்று ஒரு பழைய கல் நுழைவாயில். இப்போது அருங்காட்சியகம். 1731 ஜனவரியில் எட்வர்ட் கேவ் என்பவர் ஜென்டில்மேன்ஸ் மேகசினை நடத்தத் தொடங்கியது இங்கிருந்துதான். இதழின் முகப்பில் இந்த வாயிலின் படத்தைத்தான் போட்டார்கள். கையில் படத்தை வைத்துக்கொண்டு எதிரே நின்று பார்த்தேன். இரண்டு கோபுரம், நடுவில் வளைவு, அப்படியே இருக்கிறது.

மேகசின் என்ற சொல்லுக்கு அரபு மூலம். பொருள் கிடங்கு. வெடிமருந்துக் கிடங்கையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். கேவ் பல பத்திரிகைகளிலிருந்து சேகரித்ததை ஓரிடத்தில் கொட்டி வைத்ததால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். நம் ஊர் நெல் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் தானிய விலை, வானிலை அட்டவணை, பிறப்பு, கல்யாணம், சாவு, திவாலானவர்கள் பட்டியல், புதுப் புத்தகம், கவிதை, வாசகர் கடிதம் எல்லாம் ஒரே கட்டில். விலை ஆறு பென்ஸ். இங்கிலாந்தின் முதல் பத்திரிகையே இதுதான்.

4 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு, திருத்திக்கொள்ளுங்கள். மேகசின் என்ற பெயரை முதலில் வைத்துக்கொண்டது இது. இதற்கு முன்பே, 1692-இல், ஜென்டில்மேன்ஸ் ஜர்னல் என்ற மாத இதழ் லண்டனில் வந்திருக்கிறது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

இன்னொன்றும் சொல்ல விட்டுப்போனது. 1738-இல் பாராளுமன்ற விவாதங்களை அச்சிடக் கூடாது என்று தடை வந்தது. கேவ் விடவில்லை. கலிவர் கதையில் வரும் லில்லிபுட் நாட்டுச் சபையின் விவாதம் என்று பெயரை மாற்றி, உறுப்பினர்கள் பெயரையும் உருமாற்றிப் போட்டார். 1740களின் தொடக்கத்தில் அதை எழுதியவர் சாமுவேல் ஜான்சன். சபைக்குள் அநேகமாகப் போகாமலேயே, கிடைத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு பேச்சுகளை அவரே எழுதினார். வில்லியம் பிட் என்ற உறுப்பினர் பேசிய பேச்சு என்று ஊரே புகழ்ந்த ஒன்றைத் தானே எழுதியதாகப் பின்னாளில் ஒரு விருந்தில் சொன்னார். இந்த இதழ்களைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

17 பிப்ரவரி 2024

ஜென்டில்மேன்ஸ் மேகசினில் நம்மவர்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். 1794 அக்டோபர் இதழில் வந்த ஒரு கடிதத்தைப் பாருங்கள்.

ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தார். பிறகு புனேயில், செங்கல் சூளைத் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். ஆங்கிலேய மருத்துவர்கள் இரண்டு பேர் கூட இருந்து பார்த்திருக்கிறார்கள். முறையையும் கடிதம் விவரிக்கிறது: மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்துக்கு அளவாக வைத்து, பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் பதித்துக் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டின்படி தோலை அறுத்து, இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டு, முறுக்கிக் கீழே இறக்கி ஒட்டவைக்கிறார்கள். கூடவே கவாஸ்ஜியின் முகப்படம்.

லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் இந்த முறையை 1814-இல் செய்து பார்த்து 1816-இல் புத்தகமாகப் போட்டார். ஐரோப்பாவில் மூக்கு அறுவை மறுபடி தலையெடுத்ததற்கு இந்தக் கடிதமும் ஒரு காரணம். இது மருத்துவ இதழில் வரவில்லை. தானிய விலையும் சாவுப் பட்டியலும் வந்த அதே கட்டுக்குள்தான் வந்தது. மருத்துவர் அல்லாத எத்தனை ஆயிரம் பேர் அந்த மாதம் புனேயின் அந்தக் கைவேலையைப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். புனேக்காரரின் பெயர் மட்டும் அதில் இல்லை. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அது என்னை உறுத்துகிறது.

படிக்கப் போகிறவர்களுக்கு: அந்தக் காலத்து அச்சில் சொல்லின் நடுவில் வரும் எஸ் எழுத்து எஃப் மாதிரி நீண்டு இருக்கும். இரண்டு பக்கம் போனால் கண் பழகிவிடும்.

9 மார்ச் 2024

இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்ற படச் செய்தி வார இதழ் பற்றி யாரும் பேசவில்லையே. 1842 மே 14 முதல் இதழ், 16 பக்கம், 32 படம், ஆறு பென்ஸ். அந்த முதல் இதழில் ஹாம்பர்க் நகரம் எரியும் படம் ஒன்று உண்டு. ஓவியர் யாரும் அங்கே போகவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த பழைய ஹாம்பர்க் படத்தைப் பார்த்து வரைந்து, தீயையும் புகையையும் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள்.

பெரிய படம் ஏதாவது கையில் இருந்தால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். வானத்திலோ தண்ணீரிலோ மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு ஒன்று மேலிருந்து கீழே நேராக ஓடும். குறுக்கேயும் ஒன்று இருக்கலாம். செதுக்குவதற்குப் பாக்ஸ்வுட் என்ற மரம், அதன் அடிமரம் பருமனாக வளராது. அதனால் சின்னச் சின்னக் கட்டைகளைப் பின்பக்கம் போல்ட் போட்டு முடுக்கி ஒரே பலகையாக்கினார்கள். படத்தை மேலே வரைந்ததும் பலகையைக் கழற்றி ஆளுக்கு ஒரு கட்டையாகக் கொடுத்துவிடுவார்கள். ராத்திரியோடு ராத்திரியாகச் செதுக்கி முடித்து மறுபடி முடுக்குவார்கள். முடுக்கிய இடம்தான் அந்த வெள்ளைக் கோடு. என்னிடம் இருக்கும் ஒரு தாளில் கோட்டுக்கு இந்தப் பக்கம் அலைகள் மெல்லிசாகவும் அந்தப் பக்கம் தடிப்பாகவும் இருக்கின்றன. இரண்டு ஆட்களின் இரண்டு கை.

10 மார்ச் 2024

அந்த இதழைப் பற்றி எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் சரியாக இருக்காது. என்னிடம் இருப்பவற்றில் பல, வால்யூமிலிருந்து கத்தரித்து எடுத்த தனித்தாள்கள். வியாபாரிகள் வால்யூமைப் பிரித்து, படங்களை அட்டைச் சட்டத்தில் ஒட்டி ஒவ்வொன்றாக விற்கிறார்கள். மீதிக் காகிதம் குப்பைக்கு.

1877 அக்டோபர் 20 தேதியிட்ட தாள் ஒன்று. பெங்களூரில் நிவாரணத்துக்காகக் காத்திருக்கும் மக்கள். நாம் தாது வருஷப் பஞ்சம் என்கிறோமே, அதே பஞ்சம். எங்கள் கொள்ளுப்பாட்டி வழியாக வந்த கதைகளில் மட்டும் எனக்கு அது தெரியும். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனிக் கீற்றாகச் செதுக்கப்பட்ட அந்தப் படத்தை ஒரு கண்காட்சி மேசையில் பார்த்தபோது விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் முதுகில் ஏதோ கட்டுரையின் நடுப்பகுதி, தலையும் இல்லை வாலும் இல்லை. அந்த வாரம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் லண்டன்காரர்கள் வேறு எதைப் படித்தார்கள்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். என் கையில் இருக்கும் தாள் அதைச் சொல்லாது. நான் கொடுத்த காசு அடுத்த வால்யூமைப் பிரிக்கத்தான் உதவும்.

30 மார்ச் 2024

"கத்தரிப்பது பாவம் என்கிறீர்களே, வான்கோ கத்தரிக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். கத்தரித்தார். 1883-இல் ஹேக் நகரில் இருந்தபோது கிராஃபிக் என்ற லண்டன் வார இதழின் 21 வால்யூம்களை வாங்கினார், 1870 முதல் 1880 வரை. பிடித்த படங்களை வெட்டி அட்டையில் ஒட்டிவைத்தார். அந்தச் சேகரிப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் இன்றும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கின்றன. டிக்கன்ஸ் இறந்த 1870-இல், அவருடைய வெறும் நாற்காலியை லூக் ஃபில்ட்ஸ் என்ற ஓவியர் வரைந்த படம் கிராஃபிக்கின் கிறிஸ்துமஸ் இதழில் வந்தது. வான்கோ மனதில் அந்தப் படம் ஆழமாகப் பதிந்திருந்தது. பிறகு 1888-இல் அவரே வெறும் நாற்காலிகளை வரைந்தார்.

பத்து வருஷப் பழைய பத்திரிகையைத் தன் தொழிலுக்காக வெட்டியவர் அவர். இன்றைக்குப் பிரிக்கப்படும் வால்யூமுக்கு 150 வயது, பிரதிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இரண்டும் ஒன்றில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

6 ஏப்ரல் 2024

அசலா மறு அச்சா என்று பார்க்க: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று போதும். 1860, 70களின் மரச்செதுக்குப் படமானால் கோடு மட்டும்தான் இருக்க வேண்டும். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் பின்னாளைய அச்சு. அந்தக் காலத்துச் செய்திப் படத்தில் வண்ணம் இருந்தால், அநேகமாக விற்பவர்கள் தரப்பில் அண்மையில் தீட்டியது. அழகாக இருந்தாலும் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

12 மே 2024

கத்தரிப்பது பற்றி எழுதியதிலிருந்து எங்கள் அப்பாயி நினைவாகவே இருக்கிறது. கல்கியிலும் விகடனிலும் வரும் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துப் பரணில் அடுக்குவார். தொடர் முடிந்ததும் ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டுவிடுவார். தெருவே வாங்கிப் படிக்கும். மீதிப் பத்திரிகை கடைக்காரரிடம் பொட்டலம் மடிக்கப் போகும்.

இந்த இழையில் நான் பைண்டர்களைக் குறை சொல்லிக்கொண்டே வருகிறேன். அப்பாயி செய்ததும் அதேதான். ஆனால் அவர் தைத்து வைக்காவிட்டால் அந்தக் கதைப் பக்கங்களும் படங்களும்கூட எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்காது. 130 வருஷத்துக்கு முன்னால் விளம்பரத்தை உருவிப் போட்ட பைண்டரும் காக்க வேண்டியதைக் காப்பதாக நினைத்துத்தான் செய்திருப்பார். ஆகவே அவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. தெரிந்தே பிரித்து விற்பவர்கள்மேல் இருக்கும் வருத்தம் அப்படியேதான் இருக்கிறது.

15 ஜூன் 2024

சின்னக் குறிப்பு. கேர்ள்ஸ் ஓன் பேப்பர் கிடைத்தால் விடாதீர்கள். 1880-இல் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கான வார இதழ், ஒரு பென்னி. வாசகர் கேள்விகளுக்குப் பதில் என்று சின்ன எழுத்தில் பத்தி பத்தியாக ஓடும். கேள்வியை அச்சிட மாட்டார்கள், பதில் மட்டும்தான். புனைபெயரைப் போட்டு, முகத்துக்கு இதைத் தடவாதே, அந்த வேலைக்கு இவரிடம் விண்ணப்பி, உன் கையெழுத்து இன்னும் திருந்த வேண்டும் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பதிலிலிருந்தும் அந்தப் பெண் என்ன கேட்டிருப்பாள் என்று பின்னோக்கி யோசித்துக்கொண்டே படித்தால் ஒரு ராத்திரி போவது தெரியாது.

20 ஜூலை 2024

வருத்தமான செய்தி. பரணுக்கு மேலே கூரை ஒழுகியிருக்கிறது, மூன்று வாரம் கவனிக்கவில்லை. நான்கு ஸ்ட்ராண்ட் வால்யூம்கள் நனைந்துவிட்டன. அது களிமண் பூச்சுள்ள வழவழத் தாள். நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். பிரிக்கப் பார்த்தால் படத்தின் மேல்தோல் எதிர்ப்பக்கத்தோடு போய்விடுகிறது. அதே அட்டைப்பெட்டியில் இருந்த 1790களின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் ஒன்று, துண்டில் ஒற்றி, விசிறிக் காற்றில் நிறுத்திவைத்ததும் கொஞ்சம் அலையோடு உயிர் பிழைத்துக்கொண்டது. அது கந்தல் துணியில் செய்த காகிதம். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மரக்கூழ் வந்த பிறகு வந்த தாள்தான் பழுத்து உதிர்கிறது. நூறு வருஷம் மூத்தது திடமாக நிற்கிறது.

பரணில் வைக்காதீர்கள். கட்டிலுக்குக் கீழே, அமிலமில்லாத பெட்டியில், தரையிலிருந்து சற்று உயர்த்தி. செல்லோ டேப் தொடவே கூடாது. ஈரம் இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வந்துவிடும்.

7 செப்டம்பர் 2024

ஜனவரியில் எழுதியதில் ஒரு திருத்தம். விளம்பரம் தொலைந்தது என்று எல்லாப் பத்திரிகைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸில் விளம்பரம் பெரும்பாலும் இதழின் சொந்தப் பக்கங்களிலேயே இருந்ததால் பைண்டு வால்யூமிலும் தப்பித்திருக்கிறது. தனித்தாளில் விளம்பரம் வைத்த மாத இதழ்களுக்குத்தான் நான் சொன்ன கதி.

இந்தத் திருத்தத்தால் எனக்கு ஒரு வழியும் கிடைத்தது. 1877-இன் பிற்பாதி வால்யூம் முழுசாக எங்கேயாவது கிடைத்தால் அந்தப் பஞ்சப் படம் வந்த வாரத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்துவிடலாம். தேடுகிறேன். யார் கண்ணிலாவது பட்டால் இங்கே எழுதுங்கள்.

16 நவம்பர் 2024

1877 இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் போன ஞாயிறு, காரில் கொண்டுவந்து பழைய பொருள் விற்கும் கார் பூட் சேல் சந்தையில், ஒரு வயதான அம்மா விரித்திருந்த போர்வையின் மேல் 1896-இன் முற்பாதி ஸ்ட்ராண்ட் ஒன்று கிடந்தது. வெளியே பார்க்க மற்ற வால்யூம் மாதிரியேதான் இருந்தது. கடைசியில் புரட்டினால் கனம் கூடுதலாக இருந்தது. அந்த வீட்டார் பைண்டரிடம் சொல்லி அட்டையையும் விளம்பரத்தையும் தூக்கிப் போடவிடாமல் பின்னால் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஆறு வெளிர்நீல அட்டைகளும் இருக்கின்றன. ஸ்ட்ராண்ட் தெருவின் படம், மேலே தந்திக் கம்பிகளில் தொங்கும் பத்திரிகைப் பெயர். கோகோ, சோப்பு, டைப்ரைட்டர், நரம்புத் தளர்ச்சிக்கு மின்சார இடுப்புப் பட்டை, அப்புறம் பக்கம் பக்கமாக சைக்கிள். 1896 சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்த வருஷம்.

ஒரு சைக்கிள் விளம்பரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கூட்டல் கணக்கு. மூன்று தொகைகளைக் கூட்டி, கீழே கோடு போட்டு, விடையை இரண்டு தடவை அடித்து எழுதியிருக்கிறார் யாரோ.

ஐந்து மாதத்து விளம்பரத்தை ஸ்கேன் செய்துவிட்டேன். ஜூன் மாதம் பாக்கி. முதுகு விரிசல் விடாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்து, ஒரு தாளுக்கு நாலு நிமிஷம் ஆகிறது. முடிந்ததும் எல்லாவற்றையும் இங்கேயே போடுகிறேன்.